சின்னவருக்கு வைத்த பொரி

பெருங்காயத்தில்தான் முதலில் மாட்டினேன். ஜெர்மனி விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறக்கச் சொன்ன அதிகாரி டப்பாவை முகர்ந்தார். தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு இன்னொருவரைக் கூப்பிட்டு அவரையும் முகரவைத்தார். சாப்பிடுகிற பொருள் என்று வாய்ப்பக்கம் கையைக் கொண்டுபோய்க் காட்டினேன். இரண்டு பேரும் இன்னும் பயந்துபோனார்கள். பிறகு இட்லிப்பொடி, புளி, ஒரு பெரிய பொட்டலம் பொரி எல்லாவற்றையும் அமுக்கிப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்கள். பொரியைச் சாமான் உடையாமல் இருக்க வைக்கிற தெர்மாகோல் என்றே நினைத்திருப்பார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் மகள் நித்யா நின்றுகொண்டிருந்தாள். கம்பளிக்கோட்டுக்குள் ஆள் இருப்பதே தெரியவில்லை.

"இன்னாமா இவ்ளோ நேரம்? நான் பயந்தே போயிட்டேன்."

"கன்னத்தெலும்பு இன்னாடி இப்படித் தெரியுது?"

"வந்ததும் ஆரம்பிச்சிட்டியா? நடமா, டிரெயின் போயிடும்."

என்னைக் கூட்டிப்போக அவள் வேலையில் அரைநாள் லீவு கேட்டு வாங்கியிருந்தாள். வேலை என்றால் எலிகளோடு. காய்ச்சல் எப்படி வருகிறது, யாரை விடுகிறது, யாரைப் படுக்கவைக்கிறது என்று ஆராய்ச்சி. கடைசித் தொகுதி எலிகள் மட்டும் பாக்கி. அது முடிந்தால் எழுதிக் கொடுத்துப் பட்டம் வாங்கிவிடலாம். சில மாதங்களாக அவள் போனில் பேசும்போது பாதியில் தூங்கிவிடுவாள். "நீ வந்து ஒரு மாசம் சோறாக்கிப் போடுமா, போதும்" என்றாள். காஞ்சிபுரத்தை விட்டு நான் அதிகம் போனதில்லை. பத்தாவதோடு படிப்பு சரி. அதற்கப்புறம் தறிதான். முன்பின் தெரியாதவர்களிடம் எனக்குப் பேச வராது. ஷேர் ஆட்டோவில் "நிறுத்துப்பா" என்று சத்தமாகச் சொல்லக் கூச்சப்பட்டு, இறங்கவேண்டிய இடம் தாண்டி ஐயம்பேட்டை வரை போய்த் திரும்பியிருக்கிறேன். ஆனால் பெண் கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியாது.

முதல் நாள் மாலை நாலு மணிக்கே இருட்டிவிட்டது. இங்கே சாயங்காலம் அடுப்பு மூட்டுகிற வழக்கம் பலருக்கு இல்லையாம். ரொட்டியும் வெண்ணெயும் ஊறப்போட்ட வெள்ளரிப்பிஞ்சும்தான். கருப்பு ரொட்டியைக் கடிக்கவே தாடையில் பலம் வேண்டும். நான் ரசம் வைத்தேன். நித்யா இரண்டு டம்ளர் குடித்துவிட்டு, சுவரில் சாய்ந்துகொண்டு, நான் கேட்காமலேயே தன் வேலையைச் சொன்னாள்.

"ரெண்டு வம்சம்மா. ஒண்ணு வெள்ளை, ஒண்ணு கறுப்பு. ரெண்டுக்கும் ஒரே வைரஸ், ஒரே அளவு. மூணாம் நாள் பாத்தா வெள்ளைங்க முடியெல்லாம் சிலிர்த்து, கூன் போட்டுக்கினு மூலைல உக்காந்துடும். கறுப்புங்க ஜாலியா ஓடிக்கினு இருக்கும்."

"ஏன்?"

"அதான் கேள்வியே. வைரஸ் ஒடம்புல எங்க போய்ப் பெருகுதுன்னு பாக்கணும். நுரையீரலா, ஈரலா, மண்ணீரலா, மூளையா. ஒவ்வொண்ணையும் எடுத்து, நிறுத்து, அரைச்சி, அதுல எவ்ளோ இருக்குதுன்னு எண்ணணும். எங்க அதிகமோ அதுக்கேத்த மாதிரிதான் சீக்கோட கடுமையும்னு எங்க நினைப்பு."

"அந்த வைரஸ் உனக்கு ஒட்டிக்காதா?"

"இது எலிக்கு மட்டும் வர்றதுமா."

மண்ணீரலை நிறுக்கிற தராசு எங்கள் ஊரில் ஜரிகை நிறுப்பதைவிட நுட்பமானதாம். நிறுக்கிற ஒவ்வொரு உறுப்புக்குப் பின்னாலும் ஓர் உயிர் என்று எனக்கு மனதில் ஓடியது.  அவளுக்கும் அது ஓடாமலா இருக்கும்? கை விரல்களை நீவிக்கொண்டே இருந்தாள்.

"கடைசித் தொகுதில ஒண்ணு மட்டும் பாக்கணும்மா. வெள்ளைங்க படுக்கிறதுக்கு முன்னாடி, நல்லா ஓடிக்கினு இருக்கும்போதே சிலதை எடுத்துப் பாத்தா, உள்ள அப்பவே ஏறியிருக்குதா இல்லியான்னு."

இதை அவள் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். ஏன் என்று எனக்குத் தெரியும். ஒரு மழைக்காலத்தில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு டெங்கு வந்தது. எங்கள் வீட்டில் என் வீட்டுக்காரருக்கும் அவர் தம்பிக்கும் ஒரே வாரத்தில் காய்ச்சல். ஒரே வீடு, ஒரே கொசு, ஒரே கஷாயம். தம்பி எழுந்து உட்கார்ந்துவிட்டார். இவருக்கும் காய்ச்சல் விட்டது. விட்டதும் குளித்து, தறிக்குழியில் இறங்கி, முந்தானையில் பாதி நெய்தார். "நாளைக்கு ஆஸ்பத்திரி போயிக்கலாம்" என்றார். சரி என்றேன். மறுநாள் காலை வயிறு வலிக்கிறது என்று சுருண்டவர்தான், பிறகு எழவேயில்லை. சென்னையில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நித்யா ஓடிவந்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னைப் பார்த்து, "நேத்தே ஏம்மா இட்டுக்கினு வரல?" என்று கேட்டாள். ஒரே ஒரு முறைதான். அதன்பிறகு அவள் கேட்கவுமில்லை, நான் பதில் சொல்லவுமில்லை. அவள் எலிகளிடம் போய்விட்டாள்.

அடுத்த சில நாட்கள் ஊர் பார்த்தோம் என்று பெயர். அவள் வேலைக்குப் போனபின் நான் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பேன். தெருவில் வண்டியே இல்லாதபோதும் சிவப்பு விளக்குக்கு ஆட்கள் நின்றார்கள். ஒரு கிழவரும் அவர் நாயும் ஒன்றுமில்லாத ரோட்டைப் பார்த்தபடி பச்சைக்குக் காத்திருந்தார்கள். நம் ஊர் மூங்கில் மண்டபத்து நெரிசலில் இந்த நாயை விட்டால் என்ன ஆகும் என்று நினைத்துச் சிரிப்பு வந்தது. கடையில் காலி பாட்டிலை ஒரு இயந்திரத்துக்குள் போட்டால் சீட்டு தருகிறது, சீட்டைக் கொடுத்தால் காசு. நான் ஊரிலிருந்து கொண்டுவந்த தண்ணீர் பாட்டிலைப் போட்டுப் பார்த்தேன். அது கறாராகத் திருப்பித் துப்பியது. பின்னால் நின்ற பெண் ஏதோ சொன்னாள். "அதுக்கு உங்க ஊர் பாட்டில் பிடிக்கலயாம்" என்றாள் நித்யா.

ரொட்டிக்கடை வாசலில் மார்த்தாவைப் பார்த்தோம். நித்யாவோடு வேலை செய்கிறவள். உயரம், குட்டை முடி, சிரித்தால் கண் மூடிக்கொள்ளும். இன்னும் நாலு நாளில் லீவாம். ஒரு பை ஆப்பிளை என் கையில் திணித்துவிட்டு, கடைக்கு மேலே உள்ள தன் வீட்டைக் காட்டினாள். டிராம் வண்டியில் எங்களுக்கு நாலு நிறுத்தம்.

அன்றைக்கே சமையலறையில் அடுப்புக்குப் பின்னால் கறகற என்று சத்தம் கேட்டது. எங்கள் வீட்டுச் சத்தம். இத்தனை தூரம் வந்து எனக்குத் தெரிந்த முதல் சத்தம் அதுதான்.

நெசவு வீட்டுக்காரர்களுக்கு எலி என்றால் குலை நடுங்கும். தறியில் நீளவாட்டில் ஓடுகிற பாவு நூலுக்குப் போடுகிற அரிசிக் கஞ்சி வாசனைக்கு வந்து ஓர் இடத்தில் பல் வைத்தால் போதும், நூறு இழை போய்விடும். அதனால் தறியில் பாவு ஏறியிருக்கும்போது எங்கள் வீட்டில் யாரும் அதன் பெயரைச் சொல்லமாட்டோம். "சின்னவரு" என்போம். விளக்கு வைக்கிற நேரத்துக்குத் தறிக்கு எதிர்ச்சுவர் மூலையில் ஒரு கை பொரி வைத்துவிடுவோம். அவர் அதைத் தின்றுவிட்டுப் பாவுப் பக்கம் வராமல் போய்விடுவார். என் மாமியார் வைத்தார், நானும் வைக்கிறேன். யோசித்துச் செய்கிற காரியமில்லை அது.

இங்கே பாவு இல்லை. ஆனால் நித்யாவின் காகிதங்கள் மேசை முழுக்கக் கிடந்தன. விளக்குப் போட்டதும் என் கை தானாகப் பொட்டலத்துக்குப் போயிற்று. சமையலறை மூலையில் மூன்று நாள் வைத்தேன். மூன்று நாளும் காலையில் சுத்தமாக இருந்தது.

நாலாம் நாள் நித்யா சீக்கிரம் வந்தாள். முகத்தில் கொஞ்சம் வெளிச்சம். "வைரஸ் ஊசி போட்டாச்சும்மா. நாளைக்குக் காலைல ஃபர்ஸ்ட் செட்டு எடுத்துட்டா முக்கால்வாசி முடிஞ்சிடும்." தண்ணீர் எடுக்கக் குனிந்தவள் மூலையைப் பார்த்தாள்.

"இன்னாமா இது?"

"பொரி. சின்னவரு வர்றாரு, அதான்."

அவள் டம்ளரை வைத்த விதத்திலேயே ஏதோ ஆகிவிட்டது என்று புரிந்தது. மண்டியிட்டு அடுப்புக்குப் பின்னால் போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தாள். எழுந்தபோது உதடு வெளுத்திருந்தது.

"எலி இருக்குதுன்னு தெரிஞ்சி... சோறு வெச்சியா?"

"பொரிதாண்டி."

"மா, எங்க எலிங்களுக்குன்னு தனிக் காத்து, தனித் தண்ணி. உள்ள போறதுக்கு முன்னாடி குளிச்சிட்டு வேற துணி மாத்திக்கினு போறோம். ஊர் எலிகிட்ட என்னென்ன கிருமி இருக்குமோ, அது உள்ள போச்சின்னா எல்லாத்தையும் அழிச்சிடுவாங்க. வீட்ல எலி இருந்தா உடனே சொல்லணும். இந்த வாரம் பூரா நான் உள்ள கால் வைக்க முடியாது."

"நீ அத தொடவேயில்லியே. யாருகிட்டயும் சொல்லாத. நான் கூட்டிப் பெருக்கிடறேன். யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுதே" என்றாள். அந்தக் கையோடு போனை எடுத்து அவளுடைய பேராசிரியரைக் கூப்பிட்டாள். ஆங்கிலத்தில் நாலே வாக்கியம். கேட்டுக்கொண்டிருந்த நேரம்தான் அதிகம். வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஊசி போட்டது தனிக் கூண்டுல இருக்குது. வேற யாராச்சும் எடுக்கலாம்ன்றாரு. இந்த வேலை தெரிஞ்சவ மார்த்தா ஒருத்திதான். நாளைக்கு எடுக்காம தள்ளிப்போட்டா வெள்ளைங்க படுத்துடும். அப்புறம் எடுத்து ஒண்ணும் புண்ணியமில்ல."

"அவகிட்ட கேளேன்."

"ரெண்டு வருஷமா லீவே போடலமா அவ. இப்பதான் போட்டிருக்கா. எந்த மூஞ்ச வெச்சிக்கினு கேக்கறது?"

போய்ப் போர்வைக்குள் புகுந்துகொண்டாள். நான் பொரியைப் பெருக்கினேன். தரையைத் துடைத்தேன். இன்னொரு முறை துடைத்தேன். பிறகு செருப்பு போதாதென்று அவளுடைய ஷூவை மாட்டிக்கொண்டு, "பால் வாங்கினு வரேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். அவள் காதில் விழுந்ததா தெரியவில்லை.

டிராம் வந்தது. ஏறிவிட்டேன். நாலாவது நிறுத்தத்தில் கதவுக்கு முன்னால் போய் நின்றேன். கதவு திறக்கவில்லை. வண்டி கிளம்பிவிட்டது. ஐந்தாவதிலும் அப்படியே. கதவில் ஒரு பொத்தான் இருக்கிறது, இறங்குகிறவர்தான் அமுக்க வேண்டும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? கத்தவும் வாய் வரவில்லை. ஆறாவதில் காதில் வளையம் போட்ட ஒரு பையன் என்னைத் தாண்டிக் கையை நீட்டி அமுக்கினான். நன்றி சொல்லத் தெரியாமல் கும்பிட்டேன். அவனும் வண்டிக்குள்ளிருந்தே கும்பிட்டான். தண்டவாளத்தைப் பார்த்தபடியே திரும்பி நடந்தேன். சாரல் அடித்தது. ஷூ கடித்தது. இப்படித் திரும்பி நடப்பது எனக்குப் பழக்கம்தான்.

மணியடித்ததும் மார்த்தா துண்டைத் தலையில் சுற்றியபடி கதவைத் திறந்தாள். பின்னால் பாதி அடுக்கிய பெட்டி தெரிந்தது. என் போனில் நித்யா போட்டுத் தந்த ஆப் ஒன்று உண்டு. நாம் பேசினால் அவர்கள் மொழியில் சொல்லும். எங்கள் ஊர்ப் பேச்சு அதற்கு ஏறாது. பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல் பேசவேண்டும். பேசினேன். "எங்கள் வீட்டில் எலி உள்ளது. நான் அதற்கு உணவு வைத்தேன். என் மகள் உள்ளே செல்ல முடியாது. நாளை காலை நீங்கள் செல்ல வேண்டும். அவள் கேட்க மாட்டாள். நான் கேட்கிறேன்." என் குரலை வாங்கி ஒரு ஆம்பிளைக் குரலில் அது ஜெர்மன் பேசியது.

மார்த்தா என்னை உள்ளே இழுத்து உட்காரவைத்தாள். அவள் பேசியதை அதே ஆம்பிளைக் குரல் தமிழில் சொன்னது. "எலிக்கு ஏன் உணவு வைத்தீர்கள்?"

பாவு, கஞ்சி, எதிர்ச்சுவர் எல்லாம் சொன்னேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டுப் பேசினாள். போன் சொன்னது: "அப்படியானால் அது எலிக்குத் தினக்கூலி."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவள் கண் மூடிச் சிரித்தாள். பிறகு பெட்டியைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அந்த நேரத்தில் நான் எழுந்து ஓடிப்போயிருப்பேன், கால் வலித்ததால் உட்கார்ந்திருந்தேன்.

"நான் செல்கிறேன்" என்றது போன். "நாளை அவள் எனக்குப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அழைக்கக் கூடாது. அவள் உறங்க வேண்டும். இதை அவளிடம் சொல்லுங்கள்."

வீட்டுக்கு வந்து சொன்னபோது நித்யா எழுந்து உட்கார்ந்தாள். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"யார் உன்ன போகச் சொன்னது? அவமானமா இருக்குது எனக்கு. வழி தெரியாம எங்கயாச்சும் மாட்டியிருந்தா?"

"மாட்டிக்கினேன். ஒரு புள்ள இறக்கி உட்டுச்சி."

"பால் எங்க?"

வாங்கவில்லை. அதற்கும் சேர்த்துத் திட்டினாள். ஆனால் தூங்கினாள்.

காலையில் மார்த்தாவிடமிருந்து ஒரு வீடியோ வந்தது. கூண்டுக்குள் வெள்ளை எலிகள். ஒன்று சக்கரத்தில் ஏறி ஓடிக்கொண்டிருந்தது. ஒன்று மீசையைத் துடைத்துக்கொண்டது. மூக்கு, காது எல்லாம் ரோஜா நிறம். நோய் என்று யாரும் சொல்லமுடியாது. "எடுக்கப் போறா" என்றாள் நித்யா. நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

எண்ணி முடிக்க நாளாகும் என்றாள்.  வீட்டுச் சொந்தக்காரர் அனுப்பிய ஆள் வந்து பொறி வைத்து எங்கள் சின்னவரைப் பிடித்துக்கொண்டு போனார். ஆற்றங்கரையில் நடந்தோம். ஒரு தேவாலயத்துக்குள் போய் உட்கார்ந்தோம். மணியில்லை, கூட்டமில்லை, கற்பூர வாசனையில்லை. கால் நீட்டி உட்கார யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்பது ஒரு வசதி. மார்த்தா தினமும் போய் மீதிச் செட்டுகளையும் எடுத்தாள். அவளுடைய லீவு அப்படியே போயிற்று. நித்யா கொடுத்தனுப்பச் சொன்ன புளிசாதத்தை அவள் ரொட்டிக்கு நடுவில் வைத்துச் சாப்பிட்டாளாம்.

போன் வந்தபோது மத்தியானம். நித்யா ஒரு தாளை இழுத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தாள். மார்த்தா அந்தப் பக்கம் வாசிக்க வாசிக்க, இவள் எழுதினாள். நுரையீரல், ஈரல், மண்ணீரல், மூளை. அவர்கள் சொல்லுக்கு எது எது என்று இந்த நாட்களில் எனக்கே தெரிந்துவிட்டிருந்தது. ஓர் இடத்தில் நித்யாவின் கை நின்றது. திரும்பச் சொல்லச் சொன்னாள். மறுபடி எழுதினாள். போனை வைத்தபின் தாளைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"சொல்லுடி."

"நுரையீரல்ல ரெண்டுக்கும் ஒண்ணாதாம்மா இருக்குது. வெள்ளைக்கும் கறுப்புக்கும் வித்தியாசமே இல்ல. ஈரல்லதான். கறுப்புங்களுக்கு அங்க கொஞ்சூண்டு. வெள்ளைங்களுக்கு எக்கச்சக்கம்."

"எப்ப எடுத்ததுல?"

"ஃபர்ஸ்ட் செட்டுலயே. வீடியோல பாத்தியே, அதுங்க."

"ஓடிக்கினு இருந்துச்சே."

"ஓடிக்கினுதான் இருந்ததுங்க. உள்ள அப்பவே ரொம்பிடுச்சி."

குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எழுந்து இறுக்கிவிட்டு வந்தேன்.

"இது எலிக்குதாம்மா" என்றாள். "அப்பாக்கு வந்தது வேற. மனுஷனுக்கும் இப்படித்தான்னு நான் எங்கயும் எழுத முடியாது."

"தெரியும்."

"நேத்தே ஏன் இட்டுக்கினு வரலன்னு அன்னிக்கு உன்ன கேட்டேன்."

"கேட்ட."

"இனிமே கேக்கமாட்டேன்."

தாளின்மேலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அழுகிறாளோ என்று பார்த்தேன். இல்லை. கொஞ்ச நேரத்தில் தலை நிமிராமலே, "சோறு வைக்கிறியா? பசிக்குது" என்றாள்.

அரிசியைக் கழுவினேன். இந்த ஊர்த் தண்ணீர் கையை மரக்கவைக்கும். பாரம் இறங்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். உடம்பு முழுக்க அசதிதான் இருந்தது. இத்தனை வருஷமும் எனக்கு அந்த ஒரு நாள் இருந்தது. தறியில் உட்காரும்போதும் சோறு வடிக்கும்போதும் அந்த நாளுக்குப் போய்விடுவேன். முந்தானையைப் பாதியில் நிறுத்தி, அவர் கையைப் பிடித்து இழுத்து, ஆட்டோவில் ஏற்றிவிடுவேன். போன ஒவ்வொரு முறையும் அவர் பிழைத்துக்கொண்டார். அவர் நெய்துகொண்டிருந்தபோதே உள்ளே ரொம்பியிருக்கலாம் என்றால், இனி அங்கே போக முடியாது.